பிக் லைனிங்

பிரிசில்லா லீவில் ஆம்பூருக்கு வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. இன்னும் அவளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போவாள். மாடியில் துணியைப் பாதி உலர்த்திவிட்டு வாசலுக்கு வருவாள். வாசலில் நின்றால் தெருமுனையில் ஃபேக்டரி பஸ் திரும்புவதும், டிபன் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெண்கள் ஓடுவதும், எதிர்த்த மலைமேல் வெயில் ஏறுவதும் தெரியும். கொஞ்ச நேரம் பார்ப்பாள். எதையோ மறந்துவிட்டவளைப்போல உள்ளே திரும்புவாள்.

"படகுல இருந்து எறங்குனவங்களுக்குத் தரை ஆடிக்கினே இருக்குமாம். உனுக்கு இன்னும் நிக்கலையா?" என்று மாமியார் அமிர்தவள்ளி கேலி செய்வாள்.

இருபத்தாறு நாளைக்கா ஆடும்? அவளுக்கு ஒரு கடிதம் வர வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

மாலத்தீவில் மாலேயிலிருந்து படகில் ஒன்பது மணி நேரம் போனால் ஒரு தீவு. மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம் ஜனம். அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாகப் பிரிசில்லா கணக்கு டீச்சர். இந்த முறை தன் ஏழு வயது மகள் ஜீவாவையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு, பள்ளியில் இடம் தருகிறோம் என்று ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். வருகிற புதன்கிழமை விமானம். பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, டிக்கெட்டும் போட்டாயிற்று, கடிதம்தான் வரவில்லை.

புருஷன் இன்பராஜ் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஷூ ஃபேக்டரியில் கிளிக்கிங் மெஷினில் தோல் வெட்டுகிறவன். ஒருதரம் வெட்டிவிட்டால் தோல் மறுபடி சேராது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் எதிலும் சட்டென்று வாயைத் திறக்கமாட்டான்.

மாலத்தீவு என்றதும் தெருவில் எல்லோரும் நீலத் தண்ணீரையும் சாய்வு நாற்காலியையும் நினைத்துக்கொண்டார்கள். பிரிசில்லாவின் தீவில் நாற்காலியும் கிடையாது, குடையும் கிடையாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால் பதினொரு நிமிஷம். காய்கறி வியாழக்கிழமை படகில் வரும். கடல் கெட்டால் வராது. அப்புறம் காலையிலும் சூரை மீன், மதியமும் சூரை மீன், ராத்திரிக்கு அதே மீனைக் காய்ச்சிய தண்ணீர். ஒருதரம் ஒற்றைத் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பள்ளிக்கூடம் உண்டு. கோயில் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஞானப்பாட்டை வாய்க்குள்ளேயே பாடிக்கொள்வாள்.

இரண்டாம் வருஷம் காட்பாடியில் அவள் அப்பா செத்துப்போனார். காற்று அடித்து இரண்டு நாள் எந்தப் படகும் எடுக்கவில்லை. அடக்கம் பண்ணுவதை போனில்தான் பார்த்தாள். பெட்டியை இறக்கும்போது படம் நின்று நின்று வந்தது.

இத்தனை இருந்தும் அவள் அந்தத் தீவை விரும்பினாள். அங்கே யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. சாயங்காலம் பெண்களெல்லாம் கடலோரத்தில் கயிற்று இருக்கைகளில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். போனால் இவளுக்கும் ஒரு இடம் விடுவார்கள். முப்பத்திரண்டு வயதில், ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் இவளுடைய இரண்டு கையையும் பிடித்து, சுடிதாரோடு தண்ணீரில் இறக்கி நீந்தக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ஆம்பூரில், வேலூரில், காட்பாடியில், எங்கே வேலைக்குப் போனாலும் மூன்றாம் நாள் யாராவது ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கம்மியாகும். தீவில் மூன்று வருஷமாக ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. கேட்டாலும் அந்தக் கேள்விக்கு அங்கே அர்த்தம் கிடையாது. ஜீவா கொஞ்ச வருஷமாவது அந்தக் கேள்வி இல்லாத இடத்தில் வளரட்டும் என்று ஆசைப்பட்டாள். அவள் சண்டையெல்லாம் இதற்குத்தான்.

ஹெட்மாஸ்டர் பெயர் அப்துல் வஹீத். தன் தாயாரை வைத்தியத்துக்கு அழைத்து வந்து ஐந்து மாசம் வேலூர் லாட்ஜில் கிடந்தவர். ஆட்டோக்காரர்களிடமும் டீக்கடையிலும் தமிழ் கற்றுக்கொண்டார். பிரிசில்லா வேலையில் சேரப் படகிலிருந்து இறங்கி, வாந்தியெடுத்துக் களைத்துப்போய் நின்றபோது, அந்தப் பெரிய மனுஷர் எதிரே வந்து, "இன்னா மிஸ், நல்லாகீறியா? துன்னியா?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அது மரியாதையான தமிழ் இல்லை என்று மூன்று வருஷமாக அவள் அவருக்குச் சொல்லவேயில்லை. அப்பாவின் அடக்கத்தன்று, அவரும் அவர் மனைவியும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, போனில் படம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.

அந்த நன்றிக்குத்தான் போன தடவை ஒரு ஜோடி ஷூ கொண்டுபோய்க் கொடுத்தாள். தீவில் எல்லோரும் ரப்பர் செருப்பு, இல்லாவிட்டால் வெறுங்கால். ஷூ போடுகிற ஒரே ஆள் ஹெட்மாஸ்டர்தான்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டு முடித்த பிறகு, பிரிசில்லா கூடத்தில் பெட்டியைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புளி, மிளகாய்த்தூள், ஜீவாவின் கவுன்கள். இன்பராஜ் உள்ளிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

"ஹெட்மாஸ்டருக்கு இன்னொரு ஜோடி. போன தபா குடுத்தது இந்நேரம் தேஞ்சிருக்கும். ரிஜெக்ட் கடையில அதே ஆர்ட்டிகல் கெடச்சுது. ஜெர்மனி ஆர்டரு, தையல்ல மட்டும் சின்ன டேமேஜ்."

அமிர்தவள்ளி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஷூவை எடுத்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஃபேக்டரியில் ஷூவின் உட்புறத்துக்கு லைனிங் ஒட்டுகிறவள். ஷூவைக் கையில் எடுத்தால் வெளியே பார்க்கமாட்டாள், உள்ளே விரலை விடுவாள்.

"ஏன்டா, பிக் லைனிங்கா குடுத்த?"

"ஆமாத்தே" என்றாள் பிரிசில்லா பெருமையாக. "அவருக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஊர்ல எல்லார்கிட்டயும் கால நீட்டிக் காட்டி, பிக் லைனிங், பிக் லைனிங்னு சொல்றாரு. மத்த ஷூவுல எல்லாம் பாதி வரைக்கும்தான் துணி வெச்சிருக்கும், இதுல பெரிய லைனிங்கு, முழுசா லெதர்னு நான்தான் சொன்னேன்."

அமிர்தவள்ளி மெல்லுவதை நிறுத்தினாள்.

"பெரிய லைனிங்கா?"

"பிக்னா பெருசு தானே அத்தே?"

"அடிப்பாவி. பன்னிடீ. பன்னித் தோலு."

பிரிசில்லா சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. ஷூவின் வாயை விரித்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். "இங்க பாரு. மூணு மூணு புள்ளியா இருக்குதா? பன்னி முடி மூணு மூணாத்தான் மொளைக்கும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இப்டி வராது. இதுக்குப் பேரே பிக் லைனிங்கு. நாங்க ஒரு நாளைக்கு நூறு தபா சொல்றோம்."

மூன்று மூன்றாகத்தான் இருந்தது. பார்த்துவிட்ட பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பிரிசில்லா காட்பாடி ரயில்வேக்காரர் மகள். தோலைப்பற்றி அவளுக்கு என்ன தெரியும்? போன தடவை ஊரிலிருந்து கிளம்பும்போது இன்பராஜைக் கேட்டாள், என்ன தோல் என்று. "அப்பரு கௌ, லைனிங் பிக்கு, சூப்பர் குவாலிட்டி" என்றான். மேல்தோல் மாடு என்பது மட்டும் புரிந்தது. ஆம்பூர் வாயில் பன்றியும் பெரியதும் ஒரே 'பிக்'தான். அவள் காது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. தீவுக்குப் போய், நல்ல சுத்தமான டீச்சர் இங்கிலீஷில், பெரிய லைனிங் என்று அழுத்திச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். எட்டு மாசமாக அந்த மனுஷர் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போதும் அதுதான். பள்ளிவாசல் படியில் கழற்றி, துணியால் துடைத்து, தனியாக ஓரம் வைத்துவிட்டு உள்ளே போவார்.

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?" அவள் இன்பராஜிடம் பாய்ந்தாள்.

"சொன்னனே. பிக்குனு."

"பன்னின்னு சொல்லியிருக்கலாம் இல்ல? யாருக்குக் குடுக்கறோம்னு தெரியாதா உங்களுக்கு?"

"நாங்க இன்னாத்த கண்டோம் பிரிசி. ஃபேக்டரில பிக்குன்னா ஒரு அயிட்டம். ஷீப்பு, கோட்டு, பிக்கு. அதுல எவன் பன்னிய பாத்தான்? பாய் வூட்டுப் பசங்களும்தான் எங்கூட நின்னு வெட்டறாங்க. ரேக்குல பிக்கு எடுன்னா எடுத்துத் தராங்க. சத்தியமா எனக்குத் தோணவே இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

"இப்ப இன்னா ஆயிப்போச்சு?" என்றாள் அமிர்தவள்ளி. "அந்தத் தீவுல லைனிங் ஒட்டறவ எவ இருக்கா? யாருக்குத் தெரியப் போவுது? இந்த ஜோடிய வெச்சுட்டுப் போ. அது தேஞ்சா தூக்கிப் போட்டுருவாரு. லெட்டர் வர்ற நேரத்துல வாயக் குடுத்து மாட்டிக்காத."

பிரிசில்லா எழுந்து மாடிக்குப் போனாள், இறங்கினாள், கொல்லைக்குப் போனாள். கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அன்வரி பேகத்தின் புருஷன் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து காலமானவர். அந்தம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பிரிசில்லா மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய லைனிங் என்ற இடம் வந்ததும் அன்வரி பேகம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு, சிரித்தது தப்பு என்று பட்டதோ என்னவோ, முகத்தைத் துடைத்துக்கொண்டு பூண்டைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு முப்பது வருஷம் ஃபேக்டரில இருந்தாரு. அந்த லைனிங் தொட்ட நாளு, வாசல்ல தண்ணி எடுத்து வைக்கணும். கையி காலு கழுவிட்டுத்தான் உள்ள வருவாரு. வேலைம்மா, இன்னா செய்ய? ஆனா இன்னாத்த தொடறோம்னு அவருக்குத் தெரியும். உங்க ஹெட்மாஸ்டருக்கு அதுகூடத் தெரியாதே."

"சொல்லட்டுமா அன்வரிம்மா?"

"என்னை இன்னாத்துக்குக் கேக்கற? உன் எடத்துல நான் இருந்தா, பொண்ணு லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் மூச்சு வுட மாட்டேன். அந்த மனுசன் எடத்துல இருந்தா, தெரிஞ்சும் சொல்லாதவ மூஞ்சில முழிக்க மாட்டேன். போ, இன்னும் பேஜார் பண்ணாத."

திங்கட்கிழமை மதியம் கடிதம் வந்தது. வாட்ஸப்பில், பள்ளி முத்திரையோடு, அப்துல் வஹீத் என்ற நீளக் கையெழுத்தோடு. கீழேயே ஒரு படம். பள்ளி முற்றத்து மணலில் ஹெட்மாஸ்டர் ஒரு சின்ன மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். "ஜீவா மேஜை ரெடி மிஸ்" என்று ஆங்கில எழுத்தில் தமிழ். காலில் ஷூ பளபளவென்று இருந்தது.

ஜீவா படத்தைப் பார்த்துத் துள்ளினாள். "இது எனக்கா? எனக்கே எனக்கா?" என்று வீடு முழுக்க ஓடினாள். பிரிசில்லாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை நாள் எதற்குக் காத்திருந்தாளோ அது கையில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இரண்டு நாள் மூடினால் விமானம். அப்புறம்? அப்புறம் தினம் காலையில் அசெம்பிளியில் அந்தக் காலைப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே ஜீவாவை அந்த மேஜையில் உட்கார வைக்க வேண்டும்.

ஐந்தரைக்கு இன்பராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்தான். படத்தைப் பார்த்தான். டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டுவிட்டு வந்து, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"சொல்லிடு பிரிசி."

"நேத்து உங்கம்மா சொல்லாதன்னாங்க. நீங்களும் சும்மாத்தானே இருந்தீங்க. இன்னிக்கு லெட்டர் வந்ததும் சொல்லுன்றீங்க."

"தப்பு என்னுது. அதான் சொல்லுன்றேன்."

"தப்புக்காகவா? இல்ல, சொன்னா அவரு கோச்சுக்கினு லெட்டர கேன்சல் பண்ணுவாரு, பாப்பா இங்கயே இருப்பான்னா?"

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டும்தான்" என்றான். "பொய் சொல்லலே. காலைலருந்து மெஷின்ல நிக்கறேன், ரெண்டும்தான் மாத்தி மாத்தி வருது. ரெண்டு தோலு வேஸ்ட் பண்ணிட்டேன். நீ போற, வர்ற. அதுகூடப் பழகிடுச்சு. சாய்ங்காலம் கதவத் தொறந்தா அவ ஓடி வரமாட்டான்னா நான் இன்னா பண்றது?"

அவளுக்கு அவன்மேல் இரக்கம் பொங்கியது. கூடவே பயமும் வந்தது. இன்னும் பத்து நிமிஷம் போனால் தன் மனசு சொல்லாமலிருக்க ஆயிரம் காரணம் கண்டுபிடித்துவிடும் என்று தோன்றியது. போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

இரண்டாவது ரிங்கிலேயே ஹெட்மாஸ்டர் எடுத்தார்.

"இன்னா மிஸ், நல்லாகீறியா? துன்னியா?"

பின்னால் கடல் இரைச்சல் கேட்டது. படகுத்துறையில் நிற்கிறார் போல.

"சார், அந்த ஷூ..."

"ஷூ சூப்பர் மிஸ். பிக் லைனிங்!"

"சார், அது பெரிய லைனிங் இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது சார், நேத்துதான் தெரிஞ்சுது. அது..." இங்கிலீஷ் வாய்க்கு வரவில்லை. வேலூர் லாட்ஜுக்குப் பின்னால் சாக்கடை ஓடுமே, அங்கே மேய்வதைப் பார்த்துப் பார்த்து அந்த வார்த்தையை அவர் கற்றிருப்பார். "பன்னி சார். உள்ள பன்னித் தோலு."

அவருக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது. இரைச்சல் மட்டும் வந்தது. அவள், "மன்னிச்சிடுங்க சார், என் மேலதான் தப்பு, எங்க வூட்டுக்காரர் மேல இல்ல, என் காது மேல" என்று எதையெதையோ சொல்லிக்கொண்டே போனாள். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். லைன் அறுந்தது. அவர் வைத்தாரா, சிக்னல் போனதா, தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "வாயி, வாயி" என்று அமிர்தவள்ளி மட்டும் இரண்டுதரம் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பிரிசில்லா போனைத் திறந்தாள். அவருடைய பெயருக்கு நேரே, செய்தி நீக்கப்பட்டது என்று இருந்தது. போயிற்று. கடிதத்தை எடுத்துவிட்டார். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்பராஜ் வந்து போனை வாங்கிப் பார்த்தான். விரலால் மேலே தள்ளினான். நின்று பார்த்தான்.

"லெட்டர் இருக்குது பிரிசி."

"இன்னா?"

"லெட்டர் அப்டியே இருக்குது. போட்டோவத்தான் எடுத்துட்டாரு."

கடிதம் இருந்தது. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. அவர் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிற படம் மட்டும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு செய்தி வந்து விழுந்தது. இலக்கணம் பிசகாத இங்கிலீஷ். அன்புள்ள ஆசிரியைக்கு, படகு வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு, இரண்டு இருக்கைகள் சொல்லியாயிற்று, குழந்தைக்கு உயிர்காப்பு அங்கி படகில் உண்டு. அவ்வளவுதான். நல்லாகீறியா இல்லை. துன்னியா இல்லை. ஜீவாவுக்குக் கொடுத்ததை அவர் திரும்ப எடுக்கவில்லை. அந்த வேலூர்த் தமிழை மட்டும் எடுத்துக்கொண்டார். அது திரும்ப வருமா, எத்தனை மாசம் ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிழைத்தோம் என்றும் அழுதாள், இழந்தோம் என்றும் அழுதாள்.

தெருமுனையில் ஃபேக்டரி பஸ் ஹாரன் அடித்தது. அமிர்தவள்ளி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "டேய், பஸ்ஸு" என்றாள். இன்பராஜ் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது ஹாரனும் அடித்து, பஸ் போய்விட்டது.

அவன் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்தான். ஜீவாவைக் கூப்பிட்டு அதன்மேல் நிற்கவைத்தான். மண்டியிட்டு, பேனாவால் அவள் பாதத்தைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தான். கட்டைவிரலைச் சுற்றும்போது அவள் கூசிச் சிரித்தாள்.

"இன்னாத்துக்குப்பா?"

"நாளைக்குள்ள நல்லதா ஒரு செருப்பு தெச்சு வாங்கியாறேன். ஆட்டுத் தோலு. உள்ளயும் ஆட்டுத் தோலு."

"வேணாம்ப்பா" என்றாள் ஜீவா. "அங்க புள்ளைங்கல்லாம் செருப்பே போடாதாம். மணலு மெத்துனு இருக்குமாம். அம்மா சொல்லுச்சு."

இன்பராஜின் பேனா குதிகாலருகே நின்றது. பதினாறு வருஷமாக எங்கெங்கோ இருக்கிற கால்களுக்கெல்லாம் தோல் வெட்டியவன் அவன். சரிம்மா என்றான். ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. மீதிக் கோட்டையும் மெதுவாகப் போட்டு முடித்து, அவள் காலைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.